ரோல்ட் டால்: அடி யார்மேல் விழுகிறது?

சார்லிக்கு அவன் தாத்தா ஜோ சொல்லும் கதைகளில் ஒன்று, சாக்லேட்டாலேயே அரண்மனை கட்டச் சொன்ன ஓர் இந்திய இளவரசரைப் பற்றியது. சுவரும் சாக்லேட், கூரையும் சாக்லேட், கட்டிலும் கம்பளமும் சாக்லேட். குழாயைத் திருகினால் சூடான சாக்லேட் கொட்டும். கட்டிக்கொடுத்த வில்லி வோங்கா, இது அதிக நாள் தாங்காது, இப்போதே தின்ன ஆரம்பியுங்கள் என்று சொல்லிப் பார்க்கிறார். இளவரசர் கேட்கவில்லை, குடியிருக்கவே கட்டினேன் என்கிறார். ஒரு நாள் வெயில் கொளுத்துகிறது. கூடத்தில் கண்ணயர்ந்திருந்தவர் விழித்துப் பார்த்தால் பழுப்பு நிறக் குளத்தில் நீந்திக்கொண்டிருக்கிறார். அந்த இளவரசரின் பெயர் பாண்டிச்சேரி.

தமிழ் வாசகர் இந்த இடத்தில் முதலில் சிரிப்பார், பிறகு கொஞ்சம் நிற்பார். 'சார்லியும் சாக்லேட் தொழிற்சாலையும்' 1964இல் வெளிவந்த நாவல். அதற்குப் பத்தாண்டு முன்புவரை புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த ஊர்; அங்கே அரண்மனை கட்டி ஆண்ட இளவரசர் எவரும் இல்லை. டாலுக்கு அந்த ஊரும் வேண்டாம், அதன் வரலாறும் வேண்டாம். வாயில் வைத்தால் உருளுகிற அந்தச் சொல் மட்டும் வேண்டும். வெயிலூர்க்காரன் ஒருவனுக்கு வெயிலைப் பற்றி வெள்ளைக்காரர் ஒருவர் எச்சரிக்கை சொல்ல வேண்டியிருக்கிறது என்பதுதான் நகைச்சுவையின் உட்கரு. நகைச்சுவை நன்றாகத்தான் இருக்கிறது. சிரித்துமுடித்த பிறகுதான், சிரிப்பு யார் தலையில் இறங்கியது என்று தோன்றுகிறது.

டாலை எடைபோட எனக்குப் பயன்படும் கேள்வி இதுதான். அவருடைய கதைகளில் எப்போதும் யாரோ யாரையோ அடிக்கிறார்கள், நசுக்குகிறார்கள், ஊதிப் பெருக்குகிறார்கள், எலியாக்குகிறார்கள். அதை மறைக்கவோ மென்மையாக்கவோ அவரை ரசிப்பவர்களுக்கும் தேவையில்லை. கேட்க வேண்டியது, அந்த அடி யார்மேல் விழுகிறது என்பது.

வழக்கமாக அவரைப் பற்றிய பேச்சு இரண்டு முகாம்களாகப் பிரிந்து நிற்கும். ஒரு முகாம், உலகமெங்கும் குழந்தைகள் விழுந்து விழுந்து படிக்கிறார்கள், 30 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது, அப்புறம் என்ன திறனாய்வு என்று கேட்கும். இது மிட்டாய்க்கடைக்காரரின் வாதம். விற்பனை ருசிக்குச் சாட்சி சொல்லும், சத்துக்குச் சொல்லாது. இன்னொரு முகாம், மனிதரே மோசம், ஆகவே புத்தகமும் விஷம் என்று ஒரே வரியில் முடித்துவிடும். இப்படிச் சொல்பவர்கள் பலரும் புத்தகங்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பதில்லை. டாலின் நல்ல புத்தகத்துக்கும் மோசமான புத்தகத்துக்கும் இடையிலான தூரம், டாலுக்கும் வேறோர் எழுத்தாளருக்கும் இடையிலான தூரத்தைவிட அதிகம். அந்த இடைவெளி எதனால் உண்டாகிறது என்று பார்ப்பதே பயனுள்ள வேலை.

அடியைப் பற்றி எழுத அவருக்கு அனுபவம் இருந்தது. 1916 செப்டம்பர் 13 அன்று வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரை ஒட்டிய லேண்டாஃபில், நார்வேயிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவர். மூன்று வயதில் அக்கா ஆஸ்ட்ரியை இழந்தார். அக்காவுக்கு அப்போது ஏழு வயது. சில வாரங்களில் அப்பாவும் நிமோனியாவில் போனார். பிறகு விடுதிப் பள்ளிகள். அங்கே பிரம்புதான் பாடத்திட்டம். ரெப்டன் பள்ளியில் இரண்டு விஷயங்கள் அவருக்குக் கிடைத்தன. ஒன்று, கேட்பரி நிறுவனம் புதிய சாக்லேட்டுகளைப் பெட்டியில் போட்டு மாணவர்களுக்கு அனுப்பி மதிப்பெண் போடச் சொன்னது. இன்னொன்று, பிரம்படி. ஒன்றிலிருந்து சார்லி வந்தான், இன்னொன்றிலிருந்து மட்டில்டாவின் தலைமையாசிரியை டிரஞ்ச்புல் வந்தாள்.

'அடியாத மாடு படியாது' என்று வளர்ந்தவர்கள் நாம். 'அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்' என்று பழமொழியே வைத்திருக்கிறோம். அடித்தவரை 'நல்லதுக்குத்தான் அடித்தார்' என்று வயதான பிறகு வாழ்த்துகிற வழக்கமும் நமக்கு உண்டு. டால் வாழ்த்தவில்லை. தன் பள்ளி நாட்களைப் பற்றிய 'பாய்' நூலை 1984இல், ஏறத்தாழ எழுபது வயதை நெருங்கும்போது எழுதினார். அதில் ஒவ்வோர் அடியும் நேற்று வாங்கியதுபோல் எரிகிறது. குழந்தைக்கு இழைத்த அநியாயம் காலத்தால் நியாயமாகிவிடாது என்பதில் அவர் அசைந்ததே இல்லை. அவருடைய மிகப் பெரிய பலம் இதுதான்.

அந்த பலத்துக்குள்ளேயே கோளாறும் இருக்கிறது. ரெப்டனில் தன் நண்பனைக் கொடூரமாக அடித்தவர் என்று அவர் அந்த நூலில் அடையாளம் காட்டுவது, பின்னாளில் கேன்டர்பரி பேராயராகி எலிசபெத் அரசிக்கு முடிசூட்டிய ஜெஃப்ரி ஃபிஷரை. அந்த அடி விழுந்தது 1933இல்; ஃபிஷர் 1932லேயே பள்ளியை விட்டுப் போய்விட்டார் என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர் ஜெரமி டிரெக்லோன் பின்னால் எடுத்துக்காட்டினார். அடித்தவர் அடுத்து வந்த தலைமையாசிரியர். ஃபிஷர் 1972லேயே இறந்துவிட்டதால் மறுப்புச் சொல்லவும் ஆளில்லை. நினைவுப் பிழையாகவே இருக்கலாம். ஆனால் இந்தப் பிழை போன திசையைப் பாருங்கள். கதைக்கு எந்த முகம் பொருத்தமோ அந்த முகத்தின்மேல் அடியைத் திருப்பிவிட்டது கை. கதை சுவைப்பதற்காக ஆளை மாற்றுவது, கதையில் செய்தால் கலை. மனிதர்கள்மேல் செய்தால் வேறு பெயர்.

இனி புத்தகங்களுக்கு வருவோம். மிகப் புகழ்பெற்ற 'சார்லி'யையே முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் என் கணக்கில் அது தேறுவது கடினம்.

இயந்திரம் என்ற அளவில் அதைக் குறைசொல்ல முடியாது. வோங்காவின் தொழிற்சாலைக்குள் நுழைய ஐந்து தங்கச் சீட்டுகள், ஐந்து குழந்தைகள், ஒவ்வோர் அறையிலும் ஒருவர் கழன்றுகொள்ள வேண்டும்: குழந்தை விரலைவிட்டு எண்ணிக்கொண்டே போகலாம். பசியை அவர் எழுதிய விதம் இன்றைக்கும் வயிற்றைப் பிடிக்கிறது. பற்பசைக் குழாய்க்கு மூடி திருகும் வேலையும் அப்பாவுக்குப் போய்விட, நான்கு தாத்தா பாட்டிகள் ஒரே கட்டிலில் படுத்திருக்கும் வீட்டில் முட்டைக்கோஸ் சூப் நாளுக்கு நாள் நீர்த்துக்கொண்டே வருகிறது.

ஆனால் அடி யார்மேல் விழுகிறது? தின்னும் பையன், மெல்லும் பெண், அடம்பிடிக்கும் பெண், தொலைக்காட்சி பார்க்கும் பையன் ஆகிய நான்கு குழந்தைகள்மேல். அவர்களை அப்படி வளர்த்தவர்கள் பெற்றோர்தான் என்று புத்தகமே பாட்டுப் பாடிச் சொல்கிறது. ஆனாலும் குழாயில் உறிஞ்சப்படுவதும் நாவல்பழம்போல் ஊதுவதும் பெரும்பாலும் குழந்தைகளின் உடல்கள்தான். தண்டிப்பவர் யார்? ஊரிலேயே பெரிய பணக்காரரும், ஊர்க்காரர் அத்தனை பேரையும் ஒரே நாளில் வேலையைவிட்டு அனுப்பியவருமான முதலாளி வோங்கா. சார்லி ஜெயிப்பதற்கு என்ன செய்தான் என்று யோசித்தால், ஒன்றும் செய்யவில்லை. தொடாதே என்றதைத் தொடவில்லை. பசித்த பையன் வாய் திறக்காமல் இருந்தான், தொழிற்சாலை கிடைத்தது. பள்ளிப் பிரம்பை வாழ்நாளெல்லாம் வெறுத்த எழுத்தாளர், தன் மிகப் புகழ்பெற்ற நாவலில் பிரம்பைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். கீழ்ப்படிந்தவனுக்குப் பரிசு, படியாதவனுக்கு அடி என்பது ரெப்டன் பள்ளியின் நீதிதான்.

அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்பவர்கள் ஊம்பா-லூம்பாக்கள். 1964 பதிப்பில் அவர்கள் ஆப்பிரிக்கக் காட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட குள்ளமான கறுப்பு மனிதர்கள். மூச்சுவிட ஓட்டை போட்ட மரப்பெட்டிகளில் கப்பலேற்றப்பட்டார்கள். சம்பளம் கோகோ கொட்டை. புதிய தின்பண்டங்களை முதலில் சோதித்துப் பார்ப்பதும் அவர்கள் உடலில்தான். அமெரிக்காவில் கறுப்பின உரிமை இயக்கத்தினர் எதிர்த்தார்கள். எழுத்தாளர் எலனார் கேமரன் 1972இல் இந்த நாவலின் ருசியையே கேள்விக்குள்ளாக்கிக் கடுமையாக எழுதினார். டால் கொதித்துப் பதில் எழுதினார். ஆனாலும் 1973இல் வந்த திருத்திய பதிப்பில் ஊம்பா-லூம்பாக்களை வெளுத்த தோலும் பொன்பழுப்புத் தலைமுடியுமாக மாற்றி, லூம்பாலாந்து என்ற கற்பனை நாட்டுக்குக் குடிபெயர்த்தார்.

தோல் மாறியது, கூலி மாறவில்லை. பெட்டியும் கோகோ கொட்டையும் சோதனையும் அப்படியே இருந்தன. கங்காணி பேச்சைக் கேட்டு இலங்கை மலைத்தோட்டத்துக்கும் மலாயா ரப்பர் காட்டுக்கும் கப்பலேறியவர்களின் வழிவந்த வாசகருக்கு, பட்டினியிலிருந்து மீட்டுக் கொண்டுவந்தேன், இங்கே சந்தோஷமாகப் பாடிக்கொண்டிருக்கிறார்கள் என்று வோங்கா பெருமையடிப்பது புதிதாகக் கேட்கிற பேச்சு அல்ல. இதில் துயரமான ஒரு செய்தியும் உண்டு. டால் முதலில் எழுதிய சார்லி ஒரு கறுப்பினச் சிறுவன் என்று அவருடைய இரண்டாம் மனைவி ஃபெலிசிட்டி 2017இல் சொன்னார்; முகவர் சொல்லி மாற்றிவிட்டார் என்றும் சொல்லப்படுகிறது. அந்தச் சார்லி வந்திருந்தால், தொழிற்சாலைச் சாவி யார் கைக்குப் போகிறது என்பதே வேறு அர்த்தம் பெற்றிருக்கும்.

'ட்விட் தம்பதி' (1980), 'ஜார்ஜின் அற்புத மருந்து' (1981) இரண்டையும் அதிகம் பேச வேண்டியதில்லை. ட்விட் கிழவரின் தாடியில் ஒட்டிய பழைய மீன் துணுக்கை எந்தக் குழந்தைக்கும் வாசித்துக் காட்டலாம், சிரிப்பு நிச்சயம். ஆனால் அது கூச்சம் காட்டினால் வரும் சிரிப்பு, விரலை எடுத்தவுடன் நின்றுவிடும். அவலட்சணமான எண்ணங்கள்தான் முகத்தை அவலட்சணமாக்குகின்றன, நல்ல எண்ணம் இருந்தால் கோணல் மூக்கும் அழகுதான் என்று அதில் ஓரிடம் வருகிறது. உருவத்தைக் கேலி செய்கிறவர் என்ற குற்றச்சாட்டுக்கு டாலின் ஆதரவாளர்கள் காட்டும் சாட்சி இது. நல்ல இடம்தான். ஆனால் அடுத்த பக்கத்திலிருந்தே அவர் அதை மறந்துவிடுகிறார். ஜார்ஜின் பாட்டியோ சிடுசிடுப்பு என்ற ஒரே குற்றத்துக்காகச் சுருங்கிச் சுருங்கி இல்லாமலே போகிறாள். வீட்டில் ஒரு தொல்லை ஒழிந்தது என்று கதை முடிகிறது. நம் பாட்டிகள் சொன்ன கதைகளிலும் கிழவிகள் அடிவாங்குவார்கள். ஆனால் சொல்கிறவளே கிழவி என்பதால் அங்கே ஒரு சமன் இருந்தது. இங்கே இல்லை.

இப்போது மறுபக்கம். 'அபாரமான நரியார்' (1970) கதையில் மூன்று பணக்காரப் பண்ணையாளர்கள் ஒரு நரிக் குடும்பத்தைப் பட்டினி போட்டுக் கொல்ல வளையைச் சூழ்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். 'சாம்பியன் டானி'யில் (1975) பழைய நாடோடி வண்டியில் வாழும் பெட்ரோல் பங்குக்காரரும் மகனும், ஊரை விலைக்கு வாங்கிவிட்டதாக நினைக்கும் ஒரு பணக்காரரின் காட்டுக்கோழிகளை, தூக்க மாத்திரை பொதித்த உலர்திராட்சையைத் தூவிக் கவர்கிறார்கள். இரண்டும் திருட்டுக் கதைகள். இரண்டிலும் அடி மேலே போகிறது. இந்த இரண்டும் நீதிநூல் சொல்வதில்லை. நீதி எந்தப் பக்கம் என்பதைக் குழந்தையே கண்டுபிடித்துக்கொள்கிறது.

'டானி'யில் இன்னொன்றும் இருக்கிறது. டாலின் மோசமான புத்தகங்கள் எதிலும் இல்லாத ஒன்று: அன்பான ஒரு பெரியவர். டானியின் அப்பா இரவில் மகனுக்கு ஒரு கதை சொல்கிறார், குழந்தைகளின் கனவுகளைப் பிடித்து ஊதுகுழலால் அறைக்குள் ஊதும் ராட்சதன் ஒருவனின் கதை. ஏழாண்டு கழித்து 1982இல் அந்த ராட்சதனே தனிப் புத்தகமாக வந்தான்: 'பி.எஃப்.ஜி.', பெரிய நட்பு ராட்சதன். அதை டால் தன் மகள் ஒலிவியாவுக்குச் சமர்ப்பித்தார்.

ஒலிவியா இறந்து அப்போது 20 ஆண்டு. 1962 நவம்பரில் தட்டம்மை மூளையைத் தாக்கி இறந்தபோது அவளுக்கும் அவருடைய அக்கா ஆஸ்ட்ரியின் அதே ஏழு வயது. அந்தச் சில ஆண்டுகள் அவர் வீட்டில் இடி மேல் இடி. 1960 டிசம்பரில் நியூயார்க்கில் கைக்குழந்தை தியோவின் தள்ளுவண்டியைக் கார் மோதி, மண்டையில் நீர் கோத்துக்கொண்டது. நீரை வடிக்கும் குழாய் அடிக்கடி அடைத்துக்கொண்டதால், பொம்மை விமான இன்ஜின் செய்யும் ஸ்டான்லி வேட் என்ற பொறியாளரையும் கென்னத் டில் என்ற நரம்பு அறுவை மருத்துவரையும் சேர்த்துக்கொண்டு டால் புதிய வால்வு ஒன்றை உருவாக்கினார். அது வருவதற்குள் தியோவுக்குத் தேவையில்லாமல் போயிற்று. மற்றக் குழந்தைகள் சுமார் 3,000 பேருக்குப் பயன்பட்டது. மூவரும் லாபம் எடுக்கவில்லை. 1965இல் மனைவியும் நடிகையுமான பட்ரீசியா நீல் கர்ப்பமாக இருந்தபோது மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டுப் பேச்சிழந்தார். அக்கம்பக்கத்தாரை முறைவைத்து அழைத்துத் தினமும் மணிக்கணக்கில் அவருக்குப் பேசவும் படிக்கவும் கற்பிக்க வைத்தார் டால். நீல் மீண்டும் நடித்தார். ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றார். 1983இல் அவர்களுடைய மணவாழ்வு முறிந்தது என்பதும் கணக்கில் சேரவேண்டியதே.

இந்தச் செய்திகளை அடுக்குவது, இவ்வளவு கஷ்டப்பட்டவரை மன்னித்துவிடுங்கள் என்று கேட்பதற்காக இல்லை. பி.எஃப்.ஜி. பேசும் மொழியைக் கேட்டால் காரணம் புரியும். அவன் பள்ளிக்கூடம் போகாதவன். சொற்களைத் தலைகீழாகப் போட்டு, பாதியை முழுங்கி, மீதியைப் புதிதாகச் செய்து பேசுகிறான். இரவல் வாங்கிய ஒரு டிக்கன்ஸ் நாவலை வைத்துக்கொண்டு எழுதப் படிக்கக் கற்றவன். ஆசிரியர் பெயரையே புரட்டிப்போட்டுச் சொல்கிறான். மூளை அடிபட்டுச் சொல் தடுமாறிய மனைவியோடு வாழ்ந்தவர் எழுதிய மொழி இது. டாலின் கேலிக்கு இதைவிட எளிய இலக்கு கிடைத்திருக்காது. ஆனால் கதையின் சிறுமி சோஃபி ஒரு தடவை திருத்தப் போய், அவன் முகம் வாடுவதைப் பார்த்து, நீங்கள் அழகாகப் பேசுகிறீர்கள் என்கிறாள். அடிக்கத் தோதான இடத்தில் கை இறங்காமல் நின்ற தருணம் அது. அவருடைய எழுத்தின் உச்சம் என்று அதைத்தான் சொல்வேன். பின்பாதியில் பிரிட்டிஷ் அரசியும் ராணுவமும் வந்து எல்லாவற்றையும் தீர்த்துவைப்பது சுருதி இறங்குகிற இடம். அதற்காக முன்பாதியை விட்டுவிட முடியாது.

'சூனியக்காரிகள்' (1983) நாவலை வெறுக்கக் காரணங்கள் உண்டு. சூனியம் செய்வது எப்போதும் பெண்தான் என்று அது ஆரம்பத்திலேயே அறிவிக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண்மணி, பள்ளி ஆசிரியை என எவரும் அப்படி இருக்கலாம் என்கிறது. பெண்வெறுப்பு என்ற குற்றச்சாட்டை ஒதுக்கித் தள்ள முடியாது. ஆனால் அதே கதையில் தாய்தகப்பன் இல்லாத பையனைக் காப்பது சுருட்டுப் பிடிக்கும் ஒரு நார்வேப் பாட்டி. ஜார்ஜின் பாட்டிக்கு இழைத்த அநீதிக்கு இவள் பரிகாரம். முடிவில் எலியாகிவிட்ட பையன் மீண்டும் மனிதனாவதில்லை. எலிக்கு இன்னும் ஒன்பது ஆண்டு ஆயுள் என்று தெரிந்ததும், பாட்டியின் மீதி ஆயுளும் ஏறத்தாழ அவ்வளவுதான் என்று கணக்குப் போட்டு அவன் நிம்மதியடைகிறான். மரணத்தைக் குழந்தையிடம் இவ்வளவு நேராக, இவ்வளவு ஆறுதலாகச் சொன்ன முடிவு சிறார் இலக்கியத்தில் அரிது. நிக்கலஸ் ரோக் எடுத்த 1990 திரைப்படம் பையனை மறுபடி மனிதனாக்கிவிட்டது. டாலுக்குக் கோபம் வந்தது, நியாயமான கோபம்.

'மட்டில்டா' (1988) அவருடைய எல்லா இழைகளும் ஒன்றாகச் சேரும் புத்தகம். பிரம்பு டிரஞ்ச்புல் கையில், அன்பு மிஸ் ஹனி என்ற ஆசிரியையின் கையில், திருப்பி அடிக்கும் புத்தி ஐந்து வயதுப் பெண்ணின் தலையில். குறையும் இருக்கிறது. பிங்கோ ஆடும் குண்டு அம்மா, பழைய கார் விற்கும் அப்பா, டிவி முன்னால் சாப்பாடு என்று மட்டில்டாவின் வீட்டை அவர் வர்ணிக்கும்போது, ஏமாற்று வியாபாரத்தைக் கண்டிக்கிறாரா, படிக்காத வர்க்கத்தை இளக்காரம் செய்கிறாரா என்று சந்தேகம் வருகிறது. டிரஞ்ச்புல்லின் கொடுமை அவளுடைய ஆண்சாயல் உடம்பிலேயே இருப்பதாகவும் தோன்றவைக்கிறார். என்றாலும், பிறர் மகளைச் சடையைப் பிடித்துச் சுழற்றி எறியும் அதிகாரத்தை ஒரு குழந்தை தன் கண்பார்வையால் ஓடவைக்கிறாள். அந்தச் சக்தியை வைத்துக்கொண்டு அவள் பேராசைப்படுவதில்லை. தன் அறிவுக்கு ஏற்ற பாடமும் தனக்கு ஏற்ற வீடும் அமைந்ததும் சக்தி தானாகவே போய்விடுகிறது. அதிகாரத்தைக் கையில் எடுத்து, வேலை முடிந்ததும் கீழே வைத்துவிடுகிற கதாநாயகி. சார்லியின் தொழிற்சாலையைவிட இது உயர்ந்த பரிசு.

இந்தப் புத்தகம் இப்படியே பிறக்கவில்லை என்பது திறனாய்வுக்கு முக்கியமான தகவல். முதல் வரைவில் மட்டில்டா பிறவியிலேயே பொல்லாத பெண். தன் சக்தியால் குதிரைப் பந்தயத்தைப் புரட்டி ஆசிரியைக்குப் பணம் சேர்த்துக்கொடுக்கிறாள், கடைசியில் இறந்துபோகிறாள். நியூயார்க் பதிப்பாசிரியர் ஸ்டீஃபன் ராக்ஸ்பர்க் அதைத் திருப்பி அனுப்பி, தலைகீழாக யோசிக்க வைத்தார். டால் திருத்தினார், திருத்திய கையோடு புத்தகத்தை வேறு பதிப்பகத்துக்குக் கொண்டுபோய்விட்டார். 'நரியார்' கதையும் அப்படித்தான். முதல் வரைவில் நரி கடைத்தெருவுக்குச் சுரங்கம் தோண்டித் திருடியது. வளையை வெட்டும் அதே பண்ணையாளர்களின் கிடங்குகளிலிருந்தே எடுக்கட்டுமே என்று யோசனை சொன்னவர் ஃபேபியோ கோயன் என்ற பதிப்பாசிரியர். இரண்டு திருத்தங்களும் செய்தது ஒன்றைத்தான்: தாறுமாறாக விழுந்துகொண்டிருந்த அடியைச் சரியான முதுகுக்குத் திருப்பிவிட்டன. டாலின் கை வேகமான கை. குறிபார்க்க அதற்குப் பக்கத்தில் இன்னொரு கண் தேவைப்பட்டது.

பக்கத்தில் அந்தக் கண் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை 1983 காட்டியது. லெபனான் போரைப் பற்றிய ஒரு நூல் மதிப்புரையில் தொடங்கி, பிறகு 'நியூ ஸ்டேட்ஸ்மன்' இதழுக்குக் கொடுத்த பேட்டியில், யூதர்கள்மேல் பகை வருவதற்கு அவர்களுடைய குணத்திலேயே காரணம் இருக்கிறது என்ற பொருளில் பேசி, ஹிட்லரையும் அந்த வாதத்துக்குள் இழுத்தார். ஓர் அரசின் போரைக் கண்டிப்பது ஒன்று. கொல்லப்பட்ட ஒரு மக்கள்கூட்டத்தின்மேலேயே கொலைக்கான காரணத்தைப் போடுவது வேறு. அடிவாங்கினவன்தான் அடிக்குக் காரணம் என்பது டிரஞ்ச்புல்லின் வாதம். இறக்கும் ஆண்டுவரை அவர் அதிலிருந்து இறங்கவில்லை. 1990 நவம்பர் 23 அன்று காலமானார். முப்பது ஆண்டு கழித்து 2020இல் அவருடைய குடும்பம் மன்னிப்புக் கேட்டது.

மனிதரையும் எழுத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பார்கள். எனக்கு அந்தப் பிரிப்பு தேவைப்படவில்லை, அதில் நம்பிக்கையும் இல்லை. மனிதரிடம் இருந்த குறையும் எழுத்தில் இருக்கும் குறையும் ஒன்றேதான்: ஒரு கூட்டத்தை உடலாலும் பிறப்பாலும் அடையாளம் கண்டு, அந்த அடையாளத்தையே குற்றமாக்குவது. எந்தப் புத்தகத்தில் அது தலைதூக்குகிறதோ அந்தப் புத்தகம் தாழ்கிறது. எதில் அவர் அதை வென்றாரோ அது உயர்கிறது. அவரைத் தண்டிக்க வெளியிலிருந்து அளவுகோல் கொண்டுவர வேண்டாம்; அவருடைய சிறந்த புத்தகங்களே போதும்.

அதனால்தான் 2023 பிப்ரவரியில் பஃபின் பதிப்பகம் செய்த வேலை வீண்வேலை. நெட்ஃப்ளிக்ஸ் 2021இல் டால் நிறுவனத்தை வாங்குவதற்கு முன்பே தொடங்கியிருந்த திருத்தத்தில், நூற்றுக்கணக்கான சொற்களை மாற்றினார்கள். 'குண்டு' என்பது 'மாபெரும்' ஆயிற்று. சூனியக்காரிகளின் வழுக்கைத் தலைக்குப் பக்கத்தில், பெண்கள் பொய்முடி வைக்க வேறு நல்ல காரணங்களும் உண்டு என்று டால் எழுதாத வாக்கியம் ஒன்று நுழைந்தது. மட்டில்டா படிக்கும் எழுத்தாளர்களில் கான்ராடும் கிப்ளிங்கும் போய் ஜேன் ஆஸ்டினும் ஸ்டைன்பெக்கும் வந்தார்கள். கிப்ளிங் போனபோது அவரோடு இந்தியாவும் போய்விட்டது. புத்தகம் வழியாக மட்டில்டா இந்தியாவுக்குப் போன இடத்தில் இப்போது கலிஃபோர்னியாவுக்குப் போகிறாள்.

ஆக, நம் கணக்கு இது. 1964இல் இந்தியா ஒரு கேலிப்பெயராக வந்தது. 2023இல் நாகரிகம் கருதி நீக்கப்பட்டது. இரண்டு முறையும் இந்தியாவைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. சல்மான் ருஷ்டி இந்தத் திருத்தங்களை வெளிப்படையாகக் கண்டித்தார். எதிர்ப்பு வலுத்ததும் பழைய வடிவத்தையும் தனி வரிசையாக விற்போம் என்று பதிப்பகம் அறிவித்து, ஒரே சரக்கை இரண்டு விலாசத்தில் விற்க வழிசெய்துகொண்டது. என் எதிர்ப்பு, எழுத்தாளரின் சொல் புனிதம் என்பதால் எழவில்லை. ராக்ஸ்பர்க் கைவைத்தபோது 'மட்டில்டா' பிழைத்தது. கதையின் எலும்பை மாற்றியதால் பிழைத்தது. 1973இல் டாலும், 2023இல் பஃபினும் செய்தது வெள்ளையடிப்பு. 'குண்டு' என்ற சொல்லை எடுத்துவிட்டாலும் அந்தப் பையன் தின்றதற்காகத்தான் குழாய்க்குள் போகிறான். சொல்லில் இருக்கும் கறையைச் சொல்லால் துடைக்கலாம். கதையின் நீதியில் இருக்கும் கோணலை அகராதியால் நிமிர்த்த முடியாது.

என் தீர்ப்பு இது. 'டானி', 'பி.எஃப்.ஜி.', 'சூனியக்காரிகள்', 'மட்டில்டா', சிறிய அளவில் 'நரியார்' ஆகிய ஐந்தும் டாலின் நிலைத்த செல்வம். முதல் தர வரிசையில் வைக்க எனக்குத் தயக்கமில்லை, மேலே சொன்ன கோணல்களோடு சேர்த்தே வைக்கிறேன். அவற்றில் அடி அதிகாரத்தின்மேல் விழுகிறது, அல்லது குழந்தையின் கையைப் பிடித்துக்கொள்ள ஒரு பெரியவர் இருக்கிறார். நான்கில் இரண்டும் இருக்கிறது. 'சார்லி' ஓர் அபாரமான இயந்திரம். அதன் நடுவில் ஒரு முதலாளியின் பிரம்பு இருக்கிறது. குழந்தைக்குக் கொடுக்கலாம், கூட உட்கார்ந்து கொடுக்கவேண்டும். பாண்டிச்சேரியில் ராஜா இருந்தாரா, ஊம்பா-லூம்பாவுக்குச் சம்பளம் ஏன் கொட்டையில் கொடுத்தார்கள் என்று குழந்தை கேட்டால் சந்தோஷப்பட வேண்டும். ட்விட்டும் ஜார்ஜும் மழை நாளில் சிரிக்க ஆகும். அவற்றை இலக்கியம் என்று சொல்லத் தேவையில்லை.

முதல் முறை படித்தபோது நானும் அந்தச் சாக்லேட் அரண்மனை உருகுவதைப் பார்த்துச் சிரித்தவன்தான், இன்றும் சிரிக்கிறேன். சிரித்த வாயோடு மட்டில்டாவின் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போதுதான் வித்தியாசம் தெரிகிறது. அங்கே கரும்பலகையில் சுண்ணாம்புக்கட்டி தானாக எழுந்து எழுதுகிறது, டிரஞ்ச்புல் மயங்கி விழுகிறாள், வகுப்பே எழுந்து நிற்கிறது. இந்த முறை சிரித்து முடித்த பிறகு எந்தக் கேள்வியும் மிஞ்சவில்லை.